இரண்டு மணி நேரம் நீ, இரண்டு மணி நேரம் நான்: ஜோடியாக அட்லாண்டிக்கைத் துடுப்பு வலித்துக் கடக்க ஒரு முழு வழிகாட்டி

துடுப்பை இழுப்பதைத் தமிழில் ‘வலிப்பது’ என்போம். நோவதற்கும் அதே சொல்தான். கரையில் இருக்கும்வரை இது ஒரு சொல் விளையாட்டு. கானரித் தீவுகளை விட்டுக் கிளம்பி நாலைந்து நாள் ஆனதும் இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிடும்.

இந்த வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட பாதையை மனதில் வைத்து எழுதியது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவின் சான் செபாஸ்தியான் துறைமுகத்தில் தொடங்கி, கரீபியனில் ஆன்டிகுவா தீவின் இங்கிலீஷ் ஹார்பரில் முடிகிற அட்லாண்டிக் பாதை. சுமார் 4,800 கிலோமீட்டர். ‘வேர்ல்ட்ஸ் டஃபெஸ்ட் ரோ’ என்ற போட்டி ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தப் பாதையில்தான் நடக்கிறது. தனி ஆளாகவும் போகலாம், நாலைந்து பேராகவும் போகலாம். இருவராகப் போவது மட்டும் ஒரு தனி ரகம். நால்வர் படகில் பக்கத்தில் இன்னொருவரும் வலித்துக்கொண்டிருப்பார், பேச்சுத்துணை உண்டு. தனி ஆளுக்குத் தன் தூக்கம், தன் சோறு, தன் கணக்கு. இருவர் படகிலோ ஒருவர் வெளியே வலிக்கும்போது இன்னொருவர் உள்ளே தூங்குகிறார். ஏழெட்டு மீட்டர் நீளப் படகில் இரண்டு மாதம் சேர்ந்து இருப்பார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்ப்பது ஷிஃப்ட் மாறும்போது மட்டும்தான். நாளுக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். 50 நாளில் 600 முறை.

ஊக்கம், மன உறுதி என்றெல்லாம் இந்தப் பயணங்களைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். என் கணிப்பில் அதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான் உண்டாகிறது, கெடுவதும் அங்கேதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஷிஃப்ட் மாற்றத்தைச் சுற்றித்தான் போகும்.

யாரோடு போவது

நல்ல நண்பர் என்பது தகுதி ஆகாது. நல்ல துடுப்பாளர் என்பதும் போதாது. அலாரம் அடித்தால் எழுந்துகொள்கிற ஆளா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பசியும் தூக்கமும் ஒன்றாகக் கெட்டிருக்கும்போது அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். ரயிலில் ஒரு ராத்திரி ரிசர்வேஷன் இல்லாமல் ஜெனரல் பெட்டியில் போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இருவராகப் போனவர்களின் வரலாறு நீளமானது. 1896-இல் ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவேல்சன் என்ற இருவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் சிப்பி அள்ளிப் பிழைத்தவர்கள், ‘ஃபாக்ஸ்’ என்ற 18 அடித் திறந்த படகில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார்கள். படுக்க அறை கிடையாது. நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்தால் பிடித்து நிமிர்த்துவதற்கென்று அடிப்பாகத்தில் கைப்பிடிச் சட்டம் முன்பே பொருத்தியிருந்தார்கள், அது காப்பாற்றியது. போன உணவுக்கு ஈடாக, எதிர்ப்பட்ட ‘சிட்டோ’ என்ற நார்வேக் கப்பல் கொஞ்சம் கொடுத்தது. 55 நாளில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளைத் தொட்டார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த வேகத்தை யாரும் மிஞ்சவில்லை. அவர்கள் இருவரும் முன்பே சேர்ந்து கடலில் வேலை பார்த்தவர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்கு ஏற்கெனவே அத்துபடி.

எதிர் உதாரணமும் உண்டு. 2001-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டெப்ரா வீல் தன் கணவர் ஆண்ட்ரூவோடு கானரித் தீவான டெனெரிஃபியிலிருந்து கரீபியனின் பார்படோஸுக்குக் கிளம்பினார். இருவரில் துடுப்பில் தேர்ந்தவர் கணவர், உடல் பலமும் அவருக்குத்தான். ஆனால் கரை மறைந்ததும் திறந்த கடல்மீது தனக்கு இருந்த பயம் அவருக்குத் தெரியவந்தது. துணைக்கப்பல் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. டெப்ரா திரும்பவில்லை. இருவர் வலிக்கக் கட்டிய படகைத் தனியாக வலித்து 111-ஆம் நாள் கரை சேர்ந்தார், கணவர் அங்கே காத்திருந்தார். டெப்ராவின் துணிச்சலுக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ‘என்னால் முடியவில்லை’ என்று மனைவியிடம் நடுக்கடலில் வாய்விட்டுச் சொன்ன அந்த மனிதரிடமும் கற்க இருக்கிறது.

கிளம்பும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

கடலில் பேசிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் கெட்ட மூளைக்கு நியாயம் தெரியாது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், சிரித்துக்கொண்டே போட்டாலும் சரி.

முதல் கேள்வி: நாம் எதற்குப் போகிறோம்? ஒருவருக்கு ஜெயிக்க வேண்டும், இன்னொருவருக்குப் பத்திரமாகக் கரை சேர்ந்தால் போதும் என்றால், இருபதாம் நாள் ஒருவர் இன்னொருவரைச் சோம்பேறி என்பார், அவர் இவரை வெறியன் என்பார். இரண்டும் தப்பில்லாத ஆசைதான், ஒரே படகில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது: ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வது? எத்தனை ஷிஃப்ட் வரை மற்றவர் சேர்த்து வலிப்பார், எந்த நிலையில் உதவி கேட்போம், ஒருவர் இறங்கிவிட்டால் மற்றவர் தொடரலாமா? மூன்றாவது: பணம். பிரிட்டனிலிருந்து போகிற குழுக்கள் லட்சம் பவுண்டு அளவில் நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. படகைத் திரும்ப விற்றால் யாருக்கு எவ்வளவு என்பதைக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் பயிற்சி. கடலில் உயிர்காப்பு, முதலுதவி, வழியறிதல், ரேடியோ என்று நான்கு படிப்பும் இருவருமே முடிக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்பது இருவர் படகில் செல்லாது, ஏனென்றால் தெரிந்தவரே கடலில் விழுந்திருக்கலாம். ஜிம்மில் துடுப்பு மெஷினில் எத்தனை மணி நேரம் இழுத்தாலும், மூன்று ராத்திரி தொடர்ந்து கடலில் ஷிஃப்ட் மாறிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். அந்த மூன்றாம் ராத்திரியில்தான் உங்கள் கூட்டாளி யார் என்று தெரியும்.

படகு

சுருக்கமாகப் பார்ப்போம். நடுவில் திறந்த தளம், அதில் முன்னும் பின்னும் நகரும் இருக்கைகள். பின்பக்கம் படுக்கும் கேபின், முன்பக்கம் சாமான் அறை அல்லது இன்னொரு சின்னக் கேபின். மேலே சோலார் தகடுகள். அந்த மின்சாரத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின், திசைபிடிக்கும் ஆட்டோபைலட், ஜிபிஎஸ், பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் எல்லாம் ஓடும். மின்சாரம் போனால் கையால் பம்ப் அடித்துத் தண்ணீர் எடுக்க ஒரு சின்னக் கருவி, சாட்டிலைட் போன், ஆபத்து என்றால் இருக்குமிடத்தை அறிவிக்கும் பீக்கன்.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்தப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிரும், கேபின் கதவு மூடியிருந்தால். உள்ளே அடைபட்ட காற்றுதான் அதை நிமிர்த்துகிறது. கதவு திறந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிடும், அப்புறம் அது வெறும் தொட்டி. சூடு தாங்கவில்லை என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற ஆளோடு கடலுக்குப் போகக் கூடாது.

1966-இல் நடந்ததைச் சொன்னால்தான் இது உறைக்கும். அந்த ஆண்டு கோடையில் இரண்டு பிரிட்டிஷ் ஜோடிகள் அமெரிக்கக் கரையிலிருந்து தனித்தனியே கிளம்பின. ஜான் ரிட்ஜ்வே, செய் பிளைத் என்ற இரண்டு ராணுவத்தினர் ‘இங்கிலீஷ் ரோஸ் III’ படகில் செப்டம்பர் 3-ஆம் தேதி அயர்லாந்துக் கரையைத் தொட்டார்கள். டேவிட் ஜான்ஸ்டன், ஜான் ஹோர் போன ‘பஃபின்’ படகு அக்டோபரில் கவிழ்ந்த நிலையில் ஆளில்லாமல் கிடைத்தது. அதிலிருந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்துத் தேதியும் செப்டம்பர் 3. பிழைத்த பிளைத்தான் பின்னாளில், 1997-இல், முதல் அட்லாண்டிக் துடுப்புப் போட்டியை நடத்தினார். 30 படகுகள், அத்தனையும் இருவர் படகுகள். நியூசிலாந்து ஜோடி 41 நாளில் ஜெயித்தது.

முதல் வாரம்

முதல் வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடல் குமட்டல் மூன்று முதல் ஐந்து நாள் வரை இருக்கும், சிலருக்கு அதற்கு மேலும். கேபினுக்குள் படுத்தால் அதிகமாகும், வெளியே அடிவானத்தைப் பார்த்தபடி வலித்தால் குறையும். மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டால் வாந்தியோடு போய்விடும், கிளம்பும் முன்பே போடுங்கள். வெறும் பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இருவருக்கும் ஒரே நேரத்தில் குமட்டினால் வேகத்தை மறந்துவிட்டு, இடித்துக்கொள்ளாமல் தீவுகளைத் தாண்டினால் போதும்.

பாதை நேர்மேற்கு கிடையாது. முதலில் தென்மேற்காக இறங்கி, கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்றைப் பிடிக்க வேண்டும். ‘வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு’ என்பது பழைய பாய்மரக் கப்பல்காரர்களின் சொல். காற்று படகைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்குகிற அன்றைக்குத்தான் இது முடியும்போல இருக்கிறதே என்று முதன்முறையாகத் தோன்றும்.

ஒரு நாள் எப்படி ஓடும்

இரண்டு மணி வேலை, இரண்டு மணி ஓய்வு, 24 மணி நேரமும். பெரும்பாலான ஜோடிகள் இதில்தான் தொடங்குகின்றன. இரவில் மூன்று மணி நேரமாக நீட்டுகிறவர்கள் உண்டு, நண்பகல் வெயிலில் ஒரு மணியாகக் குறைப்பவர்களும் உண்டு.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. 24-ஐ இரண்டு இரண்டாக வகுத்தால் 12 ஷிஃப்ட், இரட்டைப்படை எண். அதாவது இன்றைக்கு 4 மணி முதல் 6 வரை வலித்தவரே நாளைக்கும், மறுநாளும், பயணம் முழுக்க அதே நேரம் வலிப்பார். ஒருவருக்கு எப்போதும் விடியல், இன்னொருவருக்கு எப்போதும் அதற்கு முந்தைய செத்த இருட்டு. பத்து நாளில் இது மனக்கசப்பாகும், காரணம் என்னவென்று இருவருக்கும் தெரியாது. தீர்வு எளிது: மாலையில் ஒரு இரண்டு மணி ஷிஃப்டை மட்டும் இரண்டு ஒரு மணி நேரமாக உடையுங்கள். ஷிஃப்ட் 13 ஆகும், ஒற்றைப்படை. நாளுக்கு நாள் முறை தானாக மாறிக்கொள்ளும். கடற்படைக் கப்பல்களில் மாலைக் காவலை இரண்டாக உடைத்து வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்தக் குட்டி ஷிஃப்ட் நேரத்தில் இருவரும் விழித்திருந்து, ஒருவர் வலிக்க மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நாளில் ஒரே ஒரு முறை சேர்ந்து இருக்கும் நேரம் அது. விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஷிஃப்ட் மாற்றம். ராத்திரி இரண்டு மணி மாற்றத்தை எடுத்துக்கொள்வோம்.

1.50-க்கு வெளியே இருப்பவர் குரல் கொடுக்கிறார். ஒரே தடவை, தெளிவாக: “பத்து நிமிஷம். காற்று ஏறியிருக்கு, கோட்டு போட்டுக்கிட்டு வா.” இந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். எதைப் போட்டுக்கொள்வது என்று யோசிக்கிற வேலையை அது மிச்சப்படுத்துகிறது. உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். முனகினால் பதிலாகாது.

உள்ளே எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். விரல்கள் மடங்கியே இருக்கும், துடுப்பைப் பிடித்த வாக்கில் இறுகிப்போய். ஒவ்வொரு விரலாகத் தொடையில் வைத்து அழுத்தி நிமிர்த்த வேண்டும். ஈரக் கோட்டுக்குள் கையை நுழைப்பதுதான் நாளின் ஆக மோசமான கணம் என்று பலர் சொல்வார்கள், அலையைவிட. இடுப்புப் பட்டையை மாட்டி, கயிற்றின் கொக்கியைக் கையில் பிடித்தபடி ஒரு அலை போகட்டும் என்று காத்திருந்து கதவைத் திறக்க வேண்டும். கொக்கியை வெளியே கம்பியில் மாட்டியபிறகே உடம்பு வெளியே வரலாம். வந்ததும் கதவை மூடு. கதவு திறந்திருப்பதும், இருவரும் நிலையில்லாமல் நகர்வதும் ஒரே நேரத்தில் நடப்பது இந்த மாற்றத்தின்போதுதான். அசட்டையாக இதைச் செய்தால் ஒரு நாள் ஆள் போய்விடும்.

வந்தவர் காலியான இருக்கையில் உட்கார்ந்து வலிக்கத் தொடங்கிய பிறகே மற்றவர் நிறுத்துவது நல்லது. படகு நிற்காது, அலைக்குக் குறுக்கே திரும்பாது. நிறுத்தியவர் நான்கு விஷயம் ஒப்பிக்க வேண்டும்: திசை, கண்ணில் பட்ட கப்பல், பேட்டரி எவ்வளவு, தண்ணீர் மெஷினில் ஏதாவது கோளாறா. அப்புறம் ஐந்தாவதாக ஒரு மனித வாக்கியம். “நட்சத்திரம் நல்லா இருக்கு” என்றால் போதும். “பறக்கும் மீன் ஒண்ணு மூஞ்சில அடிச்சிடுச்சு” என்றால் இன்னும் நல்லது, அது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, இரண்டு மணி. ஓய்வுக்குப் போனவருக்கு 120 நிமிடம் இருக்கிறது. உடம்பைத் துடைத்து மருந்து தடவ 10, சாப்பிட 15, எழுந்து தயாராக 10. மீதி 85 நிமிடம்தான் தூக்கம், அதுவும் உடனே கண் அசந்தால். இதில் வெளியே வர ஐந்து நிமிடம் தாமதித்தால் என்ன என்று தோன்றும். நாளுக்கு ஆறு முறை ஐந்து நிமிடம், அரை மணி நேரம். 50 நாளில் 25 மணி நேரம். அவ்வளவையும் கூட்டாளியின் உடம்பிலிருந்து எடுக்கிறீர்கள். அவர் வாயால் கேட்கமாட்டார், ஆனால் கணக்கு வைத்திருப்பார். அதுவே, இரண்டு நிமிடம் முன்னால் வந்து நின்றுபாருங்கள். ‘நீ போ, நான் பார்த்துக்கறேன்’ என்று அர்த்தமாகும். நடுக்கடலில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடிய பரிசு வேறென்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவில் ‘தாரிணி’ பாய்மரப் படகில் கிளம்பி, இருவர் மட்டுமே உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார்கள். அது பாய்மரம், துடுப்பு இல்லை. ஆனாலும் ஒருவர் விழித்திருப்பார் என்று நம்பி மற்றவர் கண்ணை மூடுகிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

சாப்பாடு, தண்ணீர், வாளி

நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் எரியும். அவ்வளவும் உள்ளே போகாது, கரையேறும்போது எல்லோரும் இளைத்துத்தான் இருப்பார்கள். முக்கிய உணவு, உலர்த்திய பாக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் கலப்பது. மற்றபடி கொட்டைகள், சாக்லேட், உப்புப் பண்டங்களை ஒரு நாளுக்கு ஒரு பை என்று கரையிலேயே பிரித்துக் கட்டிவிடுங்கள். பைகளில் எல்லாம் ஒரே சாமான் வேண்டாம். முப்பதாம் நாள் அதே பாதாம் பையைத் திறக்கிற மனிதனின் முகத்தைப் பார்க்க முடியாது. நம்மவர் யாராவது போனால் ஊறுகாய் எடுத்துப்போவார், எடுத்துப்போகட்டும். எந்த அறையிலிருந்து எந்த நாள் பையை எடுப்பது என்பதையும் திட்டமிடுங்கள். உணவுதான் படகின் அடிக்கனம், ஒரே பக்கமாகத் தின்று தீர்த்தால் படகு சாயும்.

தண்ணீர் மெஷினை வெயில் உச்சத்தில் ஓட்டுங்கள். கழிவறை என்பது ஒரு வாளி. கதவு கிடையாது, திரும்பிக்கொள்ளும் மரியாதைதான் கதவு. காற்று போகும் பக்கமாகக் கொட்டவேண்டும் என்பதை எல்லோரும் ஒரே ஒரு தடவையில் கற்றுக்கொள்கிறார்கள்.

உடம்பு

கையில் வரும் கொப்புளம் இரண்டு வாரத்தில் காய்த்துவிடும். உட்காருமிடம்தான் உயிரை எடுக்கும். உப்பும் ஈரமும் உரசலும் சேர்ந்து புண்ணாகும், புண் பழுத்தால் ஷிஃப்ட் போகும், ஷிஃப்ட் போனால் கூட்டாளியின் தூக்கம் போகும். ஆகவே இது உங்கள் சொந்த விஷயம் இல்லை. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் உப்பைத் துடைத்து, காயவிட்டு, குழந்தைகளுக்குத் தடவுகிற துத்தநாக கிரீமைத் தடவிவிட்டே படுக்க வேண்டும். இருக்கைக்கு ஆட்டுத்தோல் விரிப்பு உதவும். துணியின் தையல் உரசும் என்று பலர் ஆடையே இல்லாமல் வலிக்கிறார்கள். பார்க்க ஆளில்லை, கூட்டாளி தூங்குகிறார்.

படகுக்கும் உடம்பு உண்டு. அடியில் கொட்டலசு என்ற சின்னக் கடலுயிர் ஒட்டி வளரும், வேகம் குறையும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கடல் அமைதியான நாளில் ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிச் சுரண்ட வேண்டும், மற்றவர் மேலே நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலுக்குக் கீழே நாலைந்து கிலோமீட்டர் ஆழம். முதல் தடவை யார் இறங்குவது என்பதற்குக் காசு சுண்டிப் பார்க்கலாம்.

மனசு

மீதி இருக்கும் தூரத்தைத் திரையில் பார்க்கிற பழக்கம் வேண்டாம். எதிர்க்காற்று அடித்து ஒரு ராத்திரி முழுக்க வலித்தும் பின்னால் போயிருப்பீர்கள், அந்த எண் உங்களை உடைத்துவிடும். வேறொரு அளவுகோல் சொல்கிறேன். லா கொமேரா மேற்குத் தீர்க்கரேகை 17 பாகையில் இருக்கிறது, ஆன்டிகுவா கிட்டத்தட்ட 62-இல். நடுவே 45 பாகை. அந்த அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 56 கடல் மைல். ஒரு சுமாரான ஜோடி சுமாரான நாளில் போகிற தூரமும் அதைச் சுற்றித்தான் வரும். ஆக, மேற்கே திரும்பிய பிறகு ஒரு பாகை ஒரு நாள் மாதிரி. பாகை தாண்டும்போது யார் துடுப்பில் இருக்கிறாரோ அவர் கேபின் சுவரில் ஒரு கோடு போடட்டும். பின்னால் போனாலும் கோட்டை அழிக்கக் கூடாது.

இன்னொன்று தானாக நடக்கும். படகில் லா கொமேரா நேரத்தையே வைத்திருந்தால், மேற்கே போகப்போக சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்கும். 15 பாகைக்கு ஒரு மணி நேரம். கடைசி வாரத்தில் கடிகாரப்படி பத்து மணி வாக்கில்தான் விடியும். திரையே பார்க்காமல், நாம் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறோம் என்று சூரியனே சொல்கிற மாதிரி.

பெரிய கனவுகள் அதிகாலை மூன்று மணிக்கு வேலை செய்யாது. அந்த நேரத்தில் திமிங்கிலம் பக்கத்தில் மூச்சுவிட்ட மாதிரியும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரியும் கேட்கும். தூக்கமின்மை. அப்போது உதவுவது சின்னச் சின்ன விஷயம்: முதல் அரை மணி ஒன்றும் இல்லை, அடுத்த அரை மணி பாட்டு, மூன்றாவதில் ஒரு சாக்லேட், கடைசி அரை மணியில் மற்றவருக்கு வெந்நீர் வைக்கும் யோசனை. ஒலிப்புத்தகத்தை இருவரும் தனித்தனியாக ஒரே அத்தியாயம் வரை கேட்டு நிறுத்துங்கள், ஷிஃப்ட் மாற்றத்தில் பேச ஒரு ஊர்க்கதை கிடைக்கும்.

வீட்டார் எழுதிய கடிதங்களை உறையில் போட்டு, மேலே தேதி எழுதி எடுத்துப்போங்கள். டிசம்பரில் கிளம்பினால் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கடலில்தான் வரும். பாதித் தூரத்துக்கு ஒன்று, மனசு மோசமான நாளுக்கென்று தேதி போடாத இரண்டு. சாட்டிலைட் போனில் வீட்டோடு பேசுவது தெம்பு தரும் என்று நினைப்போம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டு வைத்தால் அடுத்த ஆறு ஷிஃப்டும் போச்சு. வாரத்துக்கு இத்தனை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப்போகும் முன் பேசாதீர்கள்.

படகு நின்றுவிடும் நாட்கள்

காற்று எதிரே திரும்பினால் வலித்துப் பயனில்லை. முன்பக்கத்திலிருந்து பாராசூட் மாதிரி ஒரு துணியைக் கடலுக்குள் இறக்குவார்கள், பாரா ஆங்கர். அது படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்துக்கொள்ளும், பின்னால் அடித்துப்போவதையும் குறைக்கும். அப்புறம் இருவரும் ஒரு ஆள் படுக்கிற கேபினில் தலைகால் மாற்றிப் படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள். கதவு மூடியிருக்கும், சுவரில் வேர்வை வடியும், கூட்டாளியின் கால் முகத்தில் இருக்கும்.

நாளுக்கு 12 தடவை மட்டும் பார்த்துப் பேசியவர்கள் திடீரென்று 24 மணி நேரமும் சேர்ந்திருப்பது இப்போதுதான். அதனால் இங்கேயும் ஷிஃப்ட் போடுங்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் பொறுப்பு: கயிறு உரசுகிறதா, பேட்டரி, கப்பல் வருகிறதா என்று அவர் பார்ப்பார், மற்றவர் தூங்கலாம் அல்லது சும்மா கிடக்கலாம். முறை இருக்கும்வரை நாள் நகரும்.

சண்டை

வரும். ஸ்பூன் சத்தத்துக்கு வரும், மூக்கு உறிஞ்சுவதற்கு வரும். ஜான் ஃபேர்ஃபாக்ஸும் சில்வியா குக்கும் 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, பசிபிக்கைக் கடந்து ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவை அடைய 361 நாள் ஆனது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இரண்டு பேர் ஒரு படகில். உங்களுடையது இரண்டு மாதம்.

என் பரிந்துரை இவ்வளவுதான். குறையைச் சொல்வதானால் மாலைக் குட்டி ஷிஃப்டில் மட்டும் சொல்லுங்கள், ராத்திரி மாற்றத்தில் கூடாது. ‘நீ எப்பவும்’ என்று தொடங்காமல், ‘நேற்று நாலு மணி மாற்றத்தில்’ என்று தொடங்குங்கள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை என்றால், அடுத்தவர் எழும் முன் அவருக்குக் காபி கலந்து வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். பேச்சைவிட அது சீக்கிரம் போய்ச் சேரும். ஒருவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அசதிதான். ஆனால் அந்த ஐந்தாவது வாக்கியம் மூன்று மாற்றம் தொடர்ந்து நின்றுபோனால் விசாரியுங்கள்.

கரை

கடைசி இரவில் ஆன்டிகுவாவின் வெளிச்சம் முதலில் மேகத்தின் அடியில் ஒரு மங்கலாகத் தெரியும். இருவரும் தூங்கமாட்டீர்கள், சேர்ந்து வலிப்பீர்கள். பாறைகள் பக்கத்தில் என்பதால் கவனம் தப்பக்கூடாத இடமும் அதுதான். இங்கிலீஷ் ஹார்பரில் உள்ள நெல்சன்ஸ் டாக்யார்டு என்ற பழைய கப்பல்துறைக்குள் நுழையும்போது படகுகள் ஹாரன் அடிக்கும், கையில் தீப்பந்தம் மாதிரிச் சிவப்பு ஒளிக்குச்சி கொடுப்பார்கள். இறங்கும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள், கால் நிற்காது. தரை ஆடும். முதல் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடுங்கள், வயிறு தாங்காது.

முடிந்தால் முதல் சில இரவுகள் இருவரும் அடுத்தடுத்த அறையில் தங்குங்கள். ஈரமில்லாத மெத்தை, மூடாத ஜன்னல், யாரும் எழுப்பப் போவதில்லை. அப்படியும் 1.50-க்கு விழிப்பு வரும். கை தானாகக் கோட்டைத் தேடும். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டால், அவரும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.